ரெஷன் கணவாயிலிருந்து கார்டா ஏரி வரை சைக்கிளில்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடந்த செப்டம்பர் கடைசியில் நானும் அப்பாவும் வட இத்தாலியின் மலைப் பள்ளத்தாக்குகள் வழியே ஆறு நாள் சைக்கிளில் போய்வந்தோம். அப்பாவுக்கு வயது 67. பொதுப்பணித் துறையில் லஸ்கராக, அதாவது வாய்க்காலையும் மதகையும் பார்த்துக்கொள்ளும் ஊழியராக, இருந்து ஓய்வு பெற்றவர். காவிரியின் கிளை வாய்க்கால்களின் கரையில் வேலைக்காலம் முழுக்க சைக்கிளிலேயே சுற்றி வந்தவர். நான் மியூனிக்கில் வேலை பார்க்கிறேன். திரும்பி வந்ததிலிருந்து உறவினர்களும் நண்பர்களும் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

இது எந்தப் பாதை? எங்கே தொடங்கி எங்கே முடிகிறது?

ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து, இத்தாலி மூன்றும் சந்திக்கிற மூலைக்குப் பக்கத்தில் ரெஷன் கணவாய் இருக்கிறது. கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரம். ரெஷன் ஊருக்கு மேலே ஒரு சரிவில் எட்ஷ் ஆறு ஊற்றாகப் பிறக்கிறது. இத்தாலிய மொழியில் அதன் பெயர் ஆதிஜே. போ ஆற்றுக்கு அடுத்தபடியாக இத்தாலியின் நீளமான ஆறு இதுதான், 410 கி.மீ. அந்த ஊற்றின் பக்கத்திலிருந்து ஆற்றோடு கீழே இறங்கிக்கொண்டே போவதுதான் பயணம். ஃபின்ஷ்காவ் பள்ளத்தாக்கு, மெரான், போட்ஸன், ட்ரென்டோ, ரொவெரேட்டோ என்று வந்து, மோரி என்ற ஊரில் ஆற்றை விட்டுப் பிரிந்து, ஒரு சின்ன மேட்டைத் தாண்டினால் கார்டா ஏரி. ஏரியின் மட்டம் வெறும் 65 மீட்டர். மொத்தம் ஏறக்குறைய 230 கி.மீ. தூரம், 1,400 மீட்டருக்கு மேல் இறக்கம்.

கிட்டத்தட்ட முழுவதும் தனி சைக்கிள் பாதை, பெரும்பகுதி தார் போட்டது. ஆற்றங்கரையிலும் ஆப்பிள் தோட்டங்களுக்கு நடுவிலும் போகும். கார்களோடு சேர்ந்து போக வேண்டிய இடங்கள் ஊர்களுக்குள் மட்டும்தான்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பலரும் தவறாக நினைத்துக்கொள்கிறார்கள். இந்த ஆறு கார்டா ஏரியில் போய்ச் சேருவதில்லை. ஏரிக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி, ஒரு மலைக்கு அந்தப் பக்கமாகவே ஓடி, வெரோனா வழியாக அட்ரியாட்டிக் கடலுக்குப் போகிறது.

சைக்கிளை விட்டு இருபது வருடம் ஆகிறது. என்னால் முடியுமா?

முடியும். ஓட்டப் பழகிய எவராலும் முடியும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். இந்தப் பாதையின் பெருமையே அதுதான். ஆல்ப்ஸ் மலையில் சைக்கிள் என்றதும் பந்தய வீரர்கள் வியர்த்து ஏறும் படங்கள்தான் நினைவுக்கு வரும். இங்கே நீங்கள் ஏறுவதே இல்லை. முதல் மூன்று நாள் ஆறு போகிற சரிவில் நீங்களும் போகிறீர்கள். அதற்குப் பிறகு தட்டையான பாதை. உண்மையான ஏற்றம் என்று சொன்னால் கடைசி நாளில் மோரிக்கும் நாகோவுக்கும் நடுவே ஒன்று, அதுவும் நூறு மீட்டர் சொச்சம்.

ஆனாலும் பயிற்சி வேண்டும். கால்களை விட உட்காரும் இடத்துக்குத்தான் பயிற்சி தேவை. தினமும் நாலைந்து மணிநேரம் சீட்டில் உட்கார்ந்து பழகாதவர்களுக்கு இரண்டாம் நாள் காலை மிகவும் கடினமாக இருக்கும். போவதற்கு முந்தைய ஒரு மாதம் வாரத்துக்கு இரண்டு தடவை இரண்டு மணிநேரம் ஓட்டுங்கள். பஞ்சு வைத்த சைக்கிள் அரைக்கால் சட்டை ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். அப்பா முதலில் அதைப் போட மறுத்தார். ஷ்லாண்டர்ஸ் தாண்டியதும் அவரே கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார்.

எத்தனை நாள் வேண்டும்?

பழகியவர்கள் இரண்டு மூன்று நாளில் முடித்துவிடுகிறார்கள். நாங்கள் ஆறு நாள் எடுத்துக்கொண்டோம். ஒரு நாள் கூட இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

எங்கள் கணக்கு இது: முதல் நாள் ரெஷனிலிருந்து ஷ்லாண்டர்ஸ், 40 கி.மீ. சொச்சம். இரண்டாம் நாள் மெரான், அதற்குக் கொஞ்சம் குறைவு. மூன்றாம் நாள் போட்ஸன், 30 கி.மீ.தான். மதியத்துக்குள் போய்ச் சேர்ந்து, 1991-இல் பனிப்பாறையில் கிடைத்த 5,300 வருடப் பழைய மனிதன் ஓட்ஸியைத் தொல்லியல் அருங்காட்சியகத்தில் பார்த்தோம். ஒரு சின்ன ஜன்னல் வழியாகத்தான் பார்க்க முடியும். பார்த்துவிட்டு அப்பா வெகுநேரம் பேசவில்லை. நான்காம் நாள் ட்ரென்டோ, 65 கி.மீ. போல. நீளமான நாள் அதுதான், அதை இரண்டாகப் பிரித்து நொய்மார்க்ட்டிலோ சலூர்னிலோ தங்கியிருக்க வேண்டும் என்பது எனக்கு அன்று மாலை புரிந்தது. ஐந்தாம் நாள் ரொவெரேட்டோ. ஆறாம் நாள் ஏரி.

எந்த மாதம் நல்லது?

மே, ஜூன், செப்டம்பர். ஏப்ரலில் மேலே ரெஷனில் பனி கிடக்கலாம். ஆனால் ஏப்ரல் நடுவில் கீழே ஆப்பிள் மரங்கள் பூத்திருக்கும். அந்த நாட்களில் இரவு உறைபனி வரும் என்றால் விவசாயிகள் விடிய விடியத் தெளிப்பான் போட்டு மரங்களை நனைத்துவைப்பார்கள். பூவின் மேல் தண்ணீர் உறையும்போது வெளியாகிற வெப்பம் பூவைக் காப்பாற்றுகிறது. காலையில் தோட்டம் முழுக்கக் கண்ணாடிக்குள் வைத்த பூக்கள் மாதிரி நிற்கும். அதைப் பார்க்கவே ஏப்ரலில் ஒரு தடவை போக வேண்டும் என்று வைத்திருக்கிறேன்.

ஜூலை, ஆகஸ்ட் வேண்டாம். மலை நாடு, குளிராக இருக்கும் என்று நினைத்துப் போகிறவர்கள் ஏமாந்துபோவார்கள். போட்ஸன் மூன்று பக்கமும் மலை சூழ்ந்த கிண்ணம், கோடையில் இத்தாலியின் வெப்பமான நகரங்களில் ஒன்று. ஆகஸ்ட் 15-ஐ ஒட்டி இத்தாலியே விடுமுறையில் இருக்கும், கார்டா கரையில் அறை கிடைப்பது கடினம்.

எதிர்க்காற்று பற்றி எல்லோரும் எச்சரிக்கிறார்களே, அவ்வளவு மோசமா?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைப் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். சரிவு உங்களுக்குச் சாதகம். காற்று அப்படி இல்லை.

மேலே ஃபின்ஷ்காவில் கணவாயிலிருந்து கீழ்நோக்கி அடிக்கும் காற்று பெரும்பாலும் முதுகில் தள்ளும். மால்ஸ் பக்கத்துச் சமவெளியில் மரங்களே ஒருபக்கம் சாய்ந்து வளர்ந்திருக்கும். அங்கே கிடைக்கும் சுகத்தில் மயங்கி, எல்லா நாளும் இப்படித்தான் என்று நினைத்துவிடுகிறோம். போட்ஸனுக்குத் தெற்கே கதை தலைகீழ். வெயில் ஏற ஏற மலைச் சரிவுகள் சூடாகி, அங்குள்ள காற்று மேலே எழும்பும். அந்த இடத்தை நிரப்ப, தெற்கேயுள்ள சமவெளியிலிருந்தும் ஏரியிலிருந்தும் குளிர்ந்த காற்று பள்ளத்தாக்குக்குள் புகுந்து வடக்கே ஏறும். கார்டா பகுதியில் அதற்கு 'ஓரா' என்று பெயர். நண்பகலையொட்டித் தொடங்கி மாலை வரை அடிக்கும். வெயில் நன்றாக இருக்கும் நாளில்தான் அதுவும் பலமாக இருக்கும். நீங்கள் தெற்கே போகிறீர்கள், அது நேர் முகத்தில் வரும்.

நான்காம் நாள் நாங்கள் செய்த தவறு இதுதான். போட்ஸனில் காலைச் சாப்பாட்டை நிதானமாக முடித்துப் பத்து மணிக்குக் கிளம்பினோம். சலூர்னைத் தாண்டும்போது காற்று ஆரம்பித்தது. தட்டையான பாதையில், சின்ன கியரில், மேட்டில் ஏறுகிற மாதிரி மிதித்தோம். ட்ரென்டோ போய்ச் சேர மாலை ஆறாகிவிட்டது.

அடுத்த நாள் அப்பா ஐந்தரைக்கே எழுப்பிவிட்டார். "காத்துக்கு முன்னாடி கெளம்பணும்டா, வெயிலுக்கு முன்னாடி நாத்து நடுற மாதிரி." அதன்பிறகு ஏழு மணிக்கு மேல் நாங்கள் அறையில் இருக்கவே இல்லை. ட்ரென்டோவிலிருந்து ரொவெரேட்டோ வரை வீசுகாற்றே இல்லாமல் இரண்டு மணிநேரத்தில் வந்துவிட்டோம்.

ஆகவே போட்ஸனுக்குக் கீழே மதியம் ஒரு மணிக்குள் அன்றைய தூரத்தை முடித்துவிடுங்கள். விடுதியில் காலைச் சாப்பாடு எட்டு மணிக்குத்தான் என்றால், முந்தின இரவே ரொட்டியும் பழமும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ரெஷனுக்கு எப்படிப் போவது?

வடக்கே இருந்து வந்தால் இன்ஸ்ப்ருக் வழியாக லாண்டெக் வரை ரயில், அங்கிருந்து பேருந்து. தெற்கே இருந்தோ இந்தியாவிலிருந்து மிலான், வெனிஸ் வழியாகவோ வந்தால் வெரோனா, போட்ஸன், மெரான் வரை ரயில். மெரானிலிருந்து மால்ஸ் வரை சின்ன ரயில், பிறகு பேருந்து. அந்தச் சின்ன ரயிலை 1906-இல் தொடங்கி, 1990-இல் ஆளில்லை என்று மூடி, 2005-இல் ஊர்க்காரர்களுக்காக மறுபடி திறந்தார்கள். இப்போது உட்கார இடமில்லாத அளவுக்குக் கூட்டம். வேலைகளுக்காக அந்தப் பாதையில் ரயிலை நிறுத்தி மாற்றுப் பேருந்து விடும் காலங்களும் உண்டு. பேருந்தில் சைக்கிள் ஏற்றுவது உறுதியில்லை, முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தியக் கடவுச்சீட்டு என்றால் ஷெங்கன் விசா வேண்டும். அதிக இரவுகள் தங்குவது இத்தாலியில் என்பதால் இத்தாலித் தூதரகம் வழியாகவே விண்ணப்பிக்க வேண்டும். குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு கட்டாயம். ஐரோப்பாவில் இருப்பவர்கள் எல்லை தாண்டும்போதும் குடியிருப்பு அட்டையைக் கையில் வைத்திருங்கள்.

சொந்த சைக்கிளா, வாடகையா? மின்சார சைக்கிள் எடுக்கலாமா?

வாடகை. இந்த வழியில் ரயில் நிலையங்களுக்குப் பக்கத்திலேயே வாடகைக் கடைகள் இருக்கின்றன. ஓரிடத்தில் எடுத்து வேறிடத்தில் விட்டுவிடலாம் என்பது பெரிய வசதி. ஆனால் கார்டா ஏரியில் விடலாமா என்பதைப் பணம் கட்டும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். எல்லாக் கடைகளும் அவ்வளவு தெற்கே வருவதில்லை.

கைப்பிடி நிமிர்ந்த, டயர் கொஞ்சம் அகலமான பயண சைக்கிள் போதும். எடுக்கும்போது பிரேக்கைப் பாருங்கள். கியரை விட முக்கியம் அதுதான். ஹைடர் ஏரி தாண்டியதும் பர்கைஸ், மால்ஸ் வழியாக க்ளூர்ன்ஸ் வரை ஐந்நூறு மீட்டருக்கு மேல் ஒரே இறக்கம். எனக்குக் கொடுத்த சைக்கிளில் பின் பிரேக் கட்டை தேய்ந்திருந்தது, நான் பார்க்காமல் வாங்கிவிட்டேன். பாதி இறக்கத்தில் உலோகம் உரசும் சத்தம் கேட்டதும் இறங்கி, மீதியைத் தள்ளிக்கொண்டே நடந்தேன். க்ளூர்ன்ஸில் மாற்றினோம். மெரானுக்கு முன்னால் ட்யோல் என்ற இடத்தில் இன்னொரு செங்குத்து இறக்கம் கொண்டை ஊசி வளைவுகளோடு வரும். இரண்டிலும் பிரேக்கைத் தொடர்ந்து பிடிக்காமல் விட்டு விட்டுப் பிடியுங்கள், நடுவில் நின்று ஆறவிடுங்கள்.

அப்பாவுக்கு மின்சார சைக்கிள் எடுத்தேன். அறுபது தாண்டியவர்களுக்கு என் பரிந்துரை அதுதான், காற்று இருக்கும் நாளில் அதன் அருமை தெரியும். முதல் மூன்று நாள் அவர் மோட்டாரை அணைத்துவிட்டே ஓட்டினார். நான்காம் நாள் போட்டுக்கொண்டார். அதன் பேட்டரி பயணிகள் விமானத்தில் ஏற்ற முடியாத அளவு பெரியது. ஆகையால் மின்சார சைக்கிளை ஊரிலிருந்து கொண்டுவரும் யோசனையே வேண்டாம்.

ஏரிக்குள் நிற்கும் அந்தக் கோபுரம் என்ன?

பயணம் தொடங்கும் இடத்திலேயே இருக்கிறது, ரெஷன் ஏரி. தண்ணீருக்கு நடுவே ஒரு மணிக்கூண்டு மட்டும் நிற்கும். 14-ஆம் நூற்றாண்டுக் கோபுரம். அழகான படம் என்று எல்லோரும் நின்று எடுத்துக்கொள்கிறார்கள். அதன் கீழே ஒரு ஊர் இருந்தது என்பதைத் தெரிந்துகொண்டு பாருங்கள்.

க்ரவுன் என்பது ஊரின் பெயர். மின்சாரம் எடுக்க அணை கட்டி, அங்கே இருந்த இரண்டு இயற்கை ஏரிகளை ஒன்றாக்கினார்கள். நீர்மட்டம் இருபது மீட்டருக்கு மேல் உயர்ந்தது. 1950-இல் நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட வீடுகளும் 500 ஹெக்டேருக்கு மேல் நல்ல நிலமும் தண்ணீருக்குள் போயின. அறிவிப்பை ஒட்டியது இத்தாலிய மொழியில். ஊர்க்காரர்கள் பேசியதும் படித்ததும் ஜெர்மன். ஊர்ப் பாதிரியார் ரோம் வரை போய்ப் போப்பாண்டவரிடம் முறையிட்டும் பயனில்லை. பழமையான கட்டடம் என்பதால் கோபுரத்தை மட்டும் இடிக்காமல் விட்டார்கள். மணிகளை அதற்கு முன்பே கழற்றிக் கொண்டுபோய்விட்டார்கள். ஆனாலும் குளிர்கால இரவில் மணிச் சத்தம் கேட்பதாக அங்கே ஒரு கதை உண்டு. 2021-இல் பராமரிப்புக்காக நீரைக் குறைத்தபோது பழைய வீட்டுச் சுவர்கள் வெளியே தெரிந்தன.

அப்பா சைக்கிளை நிறுத்திவிட்டு வெகுநேரம் பார்த்தார். மேட்டூர் அணையில் தண்ணீர் வற்றும் வருடங்களில் பண்ணவாடியில் நந்தியும் இரட்டைக் கோபுர தேவாலயமும் மேலே தெரியும். அவர் வேலைக்குச் சேர்ந்த புதிதில் போய்ப் பார்த்திருக்கிறார். "நாம தொறந்து விட்டது அந்தத் தண்ணிதானே" என்று மட்டும் சொன்னார்.

பள்ளத்தாக்கில் பார்க்க வேறு என்ன இருக்கிறது?

நிறைய. க்ளூர்ன்ஸ், சுற்றுச்சுவர் முழுசாக நிற்கிற குட்டி நகரம், ஆயிரம் பேர்கூட இல்லை. பர்கைஸுக்கு மேலே வெள்ளை வெளேரென்று மரியன்பெர்க் மடம். லாஸ் ஊரில் நடைபாதைக்குக்கூட வெள்ளைச் சலவைக்கல். கோட்டைகள் எண்ண முடியாது. இவற்றை எந்தக் கையேட்டிலும் படிக்கலாம்.

நான் சொல்ல விரும்புவது வாய்க்கால்களைப் பற்றி. ஃபின்ஷ்காவில் வருடத்துக்கு ஏறக்குறைய 500 மி.மீ. மழைதான், தஞ்சாவூரில் பெய்வதில் பாதி. சுற்றிலும் பனிமலை, நடுவில் வறண்ட நிலம். ஆகவே பல நூற்றாண்டுகளுக்கு முன்பே பனி உருகி வரும் ஓடைகளிலிருந்து மலைச் சரிவில் வாய்க்கால் வெட்டிக் கொண்டுவந்திருக்கிறார்கள். 'வால்' என்று பெயர். பாறை வருகிற இடத்தில் மரத்தைக் குடைந்து தொங்கவிட்டிருக்கிறார்கள். முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சியிருக்கிறார்கள், இன்னாருக்கு இத்தனை மணிநேரம் என்று. வாய்க்காலைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள். அவர் 'வாலர்'.

ஷ்லுடர்ன்ஸ் ஊர் அருங்காட்சியகத்தில் இதற்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. வாய்க்காலில் ஒரு சின்ன நீர்ச்சக்கரம் சுற்றும். அது சுற்றச் சுற்ற ஒரு சுத்தியல் தூக்கி மணியில் அடிக்கும். அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தால் தண்ணீர் ஒழுங்காக ஓடுகிறது. சத்தம் நின்றால் எங்கேயோ அடைப்பு அல்லது உடைப்பு, வாலர் எழுந்து ஓட வேண்டும்.

அப்பாவை அங்கிருந்து கிளப்ப ஒன்றரை மணிநேரம் ஆயிற்று. அவர் செய்த வேலை அதுதான், நம் கிராமங்களில் நீர்க்கட்டி செய்ததும் அதுதான். காவலாளிப் பெண்மணியிடம் நான் மொழிபெயர்த்துச் சொன்னேன். அவர் தன் தாத்தாவும் வாலர் என்றார். இரண்டு பேரும் எனக்குப் புரியாத ஏதோ ஒன்றைப் பற்றி, மதகுப் பலகையின் உயரம் என்று நினைக்கிறேன், கையாலேயே பேசிக்கொண்டார்கள். பழைய வாய்க்கால் ஓரங்களில் இப்போது நடைபாதைகள் இருக்கின்றன. சைக்கிளை விட்டுவிட்டு ஒரு மணிநேரமாவது நடந்து பாருங்கள்.

வழியெங்கும் ஆப்பிள் தொங்குகிறதே, பறித்துச் சாப்பிடலாமா?

கூடாது. கிளை பாதைக்கு மேலேயே நீட்டிக்கொண்டிருந்தாலும் அது ஒருவருடைய விளைச்சல். தோட்டத்து வாசல்களில் கூடையும் உண்டியலும் வைத்திருப்பார்கள், ஆளிருக்க மாட்டார்கள். காசைப் போட்டுவிட்டு எடுத்துக்கொள்ளலாம். சில்லறை வைத்திருங்கள். மருந்து தெளித்திருக்கவும் கூடும், கழுவாமல் தின்னாதீர்கள். மருந்துத் தெளிப்பு அங்கே பெரிய சர்ச்சை. 2014-இல் மால்ஸ் மக்கள் ஊர் வாக்கெடுப்பு நடத்தி, பூச்சிக்கொல்லி வேண்டாம் என்று பெரும்பான்மையாக வாக்களித்தார்கள்.

செப்டம்பர் அறுவடைக் காலம். டிராக்டர்கள் சைக்கிள் பாதையில் வரும். ஒதுங்கி வழி விடுங்கள்.

ஒவ்வொரு ஊருக்கும் ஏன் இரண்டு பெயர்?

போட்ஸனும் போல்சானோவும் ஒரே ஊர். மெரானும் மெரானோவும் அப்படியே. இந்த ஊர்கள் இருக்கும் தெற்கு டிரோல் பகுதி முதல் உலகப் போர் வரை ஆஸ்திரியாவோடு இருந்தது. 1919 ஒப்பந்தத்தில் இத்தாலிக்குக் கொடுக்கப்பட்டது. முசோலினி ஆட்சியில் பள்ளிக்கூடங்களில் ஜெர்மனைத் தடை செய்து, ஊர்ப் பெயர்களையெல்லாம் இத்தாலிய மொழிக்கு மாற்றினார்கள். பண்ணை வீடுகளிலும் பரண்களிலும் ஒளிந்து குழந்தைகளுக்கு ஜெர்மன் எழுத்துக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். அவற்றுக்கு 'நிலவறைப் பள்ளிகள்' என்றே பெயர். 1972-இன் தன்னாட்சிச் சட்டத்துக்குப் பிறகு இரண்டு மொழிக்கும் சம இடம். மொழிக்காகப் பட்ட பாடு தெரிந்த நமக்கு அந்த இரட்டைப் பெயர்ப் பலகைகள் வெறும் பலகைகளாகத் தெரியாது.

சலூர்னில் மலைகள் நெருங்கி வந்து பள்ளத்தாக்கு ஒடுங்கும். அதுதான் மொழி எல்லை. அதற்கு வடக்கே பெரும்பாலும் ஜெர்மனில் வணக்கம் சொல்வார்கள், தெற்கே 'பொன் ஜோர்னோ'. சைக்கிளில் போகும்போது பத்து நிமிடத்தில் இந்த மாற்றத்தைக் கேட்கலாம்.

சைவச் சாப்பாடு கிடைக்குமா?

கிடைக்கும். அப்பா புரட்டாசி மாதம் என்பதால் முழு சைவம், ஆறு நாளும் பசியில்லாமல் சாப்பிட்டார். பசலைக்கீரை போட்ட க்னோடல் என்ற ரொட்டி உருண்டை, கீரையும் பாலாடைக்கட்டியும் வைத்த ஷ்லுட்ஸ்க்ராப்ஃபன், பொலெண்டா என்ற மக்காச்சோளக் களி, ஆப்பிள் ஸ்ட்ரூடல். களியை அப்பா ரொம்பவே விரும்பினார்.

எச்சரிக்கை ஒன்று: ஸ்பெக் என்ற புகைபோட்ட பன்றி இறைச்சியைப் பொடியாக நறுக்கி எதிலும் போட்டுவிடுவார்கள். பார்லி சூப்பில் பெரும்பாலும் இருக்கும். க்னோடலிலேயே ஒரு வகை ஸ்பெக் க்னோடல். ரிசோட்டோவும் சூப்பும் இறைச்சிச் சாற்றில் வெந்திருக்கலாம். 'ஓனே ஃப்ளைஷ்' என்று ஜெர்மனிலும், 'சென்சா கார்னே' என்று இத்தாலிய மொழியிலும் கேளுங்கள். ட்ரென்டோ பகுதிப் பட்டியலில் 'கார்னே சலாடா' என்று பார்த்தால் அது மாட்டிறைச்சி. பார்மிசான் பாலாடைக்கட்டியில் பாலை உறையவைக்கக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட் என்ற பொருள் சேர்கிறது. அதையும் தவிர்ப்பவர்கள் சொல்லிவிட வேண்டும்.

ட்ரென்டோ மாநிலத்தில் சைக்கிள் பாதை ஓரமாகவே 'பிசிகிரில்' என்ற சிற்றுண்டிக் கடைகள் இருக்கின்றன. காப்பி, ரொட்டி, கழிவறை, பஞ்சர் ஒட்டக் கருவி எல்லாம் உண்டு. தண்ணீர் வாங்கத் தேவையில்லை, ஒவ்வொரு ஊரிலும் கல்தொட்டியில் மலைநீர் கொட்டிக்கொண்டிருக்கும். குடிக்கக் கூடாது என்றால் பலகை வைத்திருப்பார்கள்.

குழந்தைகளை அழைத்துப் போகலாமா?

ஃபின்ஷ்காவுக்குத் தாராளமாக. மால்ஸிலிருந்து மெரான் வரை பக்கத்திலேயே ரயில் ஓடுகிறது, சோர்ந்தால் ஏறிக்கொள்ளலாம். ரெஷனிலிருந்து மால்ஸ் வரையான இறக்கத்தையும் ட்யோல் வளைவுகளையும் பத்து வயதுக்குக் கீழே உள்ளவர்கள் தாமாக ஓட்ட வேண்டாம்.

சட்டதிட்டங்கள்?

பெரியவர்களுக்குத் தலைக்கவசம் கட்டாயமில்லை, ஆனாலும் போட்டுக்கொள்ளுங்கள். ஊருக்கு வெளியே இரவிலும், சுரங்கப் பாதைகளில் எப்போதும், ஒளிரும் மேலாடை கட்டாயம். அவசர எண் 112.

மழை பெய்தால்?

ரயில் ஏறிவிடுங்கள். வட்டார ரயில்களில் சைக்கிளுக்குத் தனிச் சீட்டு எடுக்க வேண்டும், இடம் இருந்தால்தான் ஏற்றுவார்கள். மால்ஸ் முதல் ரொவெரேட்டோ வரை ரயில் நிலையம் எப்போதும் பக்கத்தில்தான். அந்தத் தைரியம்தான் அப்பாவை அழைத்துப் போக எனக்குத் துணிவு கொடுத்தது.

கடைசி நாள் எப்படி இருக்கும்? ஏற்றம் பயமாக இருக்கிறதே?

பயப்பட ஒன்றுமில்லை. மோரியில் ஆற்றை விட்டுத் திரும்பினால் பாதை மெல்ல ஏறும். வழியில் லோப்பியோ என்ற ஏரியைத் தாண்டுவீர்கள். ஏரி என்பது பெயரில்தான், புல்லும் நாணலுமாக ஒரு பள்ளம். அதற்கு அடியில் வெட்டிய சுரங்கத்தால் 1950-களில் வற்றிப்போனது. ஆதிஜேயில் வெள்ளம் வந்தால் கீழேயுள்ள ஊர்களைக் காப்பாற்ற, மோரியிலிருந்து கார்டா ஏரிக்கு மலையைக் குடைந்து சுமார் 10 கி.மீ. நீளத்துக்கு ஒரு வடிகால் போட்டிருக்கிறார்கள், 1959-இல் முடிந்தது. மதகைத் திறந்தால் ஆற்று வெள்ளம் ஏரிக்குப் போய்விடும்.

இதைச் சொன்னதும் அப்பா சைக்கிளை நிறுத்தினார். "அப்ப இது இவங்க ஊரு கொள்ளிடம்" என்றார். முக்கொம்பில் காவிரி வெள்ளத்தைக் கொள்ளிடத்துக்குத் திருப்பிவிடும் இரவுகளில் கரையில் நின்றவர் அவர். வெள்ளத்துக்கு எப்போது திறப்பார்கள், யார் உத்தரவு கொடுப்பார்கள், ஏரிக்காரர்கள் சண்டைக்கு வரமாட்டார்களா என்று கேட்டுக்கொண்டே ஏறினார். ஏற்றம் முடிந்ததே எங்களுக்குத் தெரியவில்லை. உச்சி 287 மீட்டர்தான்.

இதே வழியாக 1439-இல் வெனிஸ்காரர்கள் கப்பல்களைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். மிலானோடு போர். ஏரியின் தென்பகுதி எதிரி கையில். ஆகவே போர்க்கப்பல்களையும் படகுகளையும் ஆதிஜே ஆற்றில் எதிர்த்து ஏற்றிக்கொண்டு வந்து, காளைகளைப் பூட்டி உருளைகளின் மேல் இழுத்து, லோப்பியோ ஏரியில் மிதக்கவிட்டு, மறுபடி இழுத்து இந்த மேட்டைத் தாண்டி ஏரியில் இறக்கினார்கள். கடைசிச் சரிவில் கப்பல் உருண்டுவிடாமல் இருக்கப் பாய்களை விரித்து, எதிரே வீசும் ஓராக் காற்றில் தடுத்து நிறுத்தியபடி இறக்கினார்கள் என்றும் சொல்வார்கள்.

நாகோவைத் தாண்டிய வளைவில் ஏரி திடீரென்று கீழே முழுசாகத் தெரியும். அங்கே நின்று பாருங்கள். பிறகு டோர்போலே வரை செங்குத்து இறக்கம், பிரேக்கை நம்பி மெதுவாக.

ஏரியில் குளிக்கலாமா? அங்கிருந்து எப்படித் திரும்புவது?

குளிக்கலாம். இத்தாலியின் மிகப் பெரிய ஏரி, 370 ச.கி.மீ., ஆழம் 346 மீட்டர் வரை போகிறது. கரையிலேயே சட்டென்று ஆழமாகும் இடங்கள் உண்டு, நீச்சல் தெரியாதவர்கள் கூழாங்கல் கரையை விட்டுத் தள்ளிப் போகக் கூடாது. காலையில் வடக்கிலிருந்து 'பெலேர்' காற்று அடிக்கும், அது அடங்கிப் பத்து மணிக்கு மேல் தண்ணீர் அமைதியாக இருக்கும். மதியம் ஓரா தொடங்கியதும் டோர்போலே முழுக்கப் பாய்மரப் பலகைக்காரர்கள் வந்துவிடுவார்கள்.

டோர்போலேயிலிருந்து ரீவா நான்கு கிலோமீட்டர், கரையோரமாகவே. ரீவாவில் ரயில் கிடையாது. பேருந்தில் ரொவெரேட்டோ போய் ரயில் பிடிக்க வேண்டும், அல்லது வந்த வழியே சைக்கிளில் 25 கி.மீ. நாங்கள் சைக்கிளை ரீவாவில் விட்டுவிட்டுப் பேருந்தில் திரும்பினோம். பேருந்து மோரிப் பாலத்தைத் தாண்டும்போது அப்பா எழுந்து எதிர்ப்பக்க ஜன்னலுக்குப் போய், ஆற்றில் தண்ணீர் எவ்வளவு போகிறது என்று பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.